எஃப்-14 மாடலின் இடது கால் ஏன் சாய்ந்தது: ஒரு முழு நிகழ்வு ஆய்வு

"டேய், அந்தக் கறுப்பு வால் பிளேன் ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது?" என்று அம்மா கேட்டது போன வருஷம் ஜூன் மாதம். அலமாரிக் கண்ணாடியைத் துடைக்க ஈரத்துணியோடு வந்தவர், அறை வாசலில் நின்றபடியே கேட்டார். தினமும் இரண்டு தடவையாவது அந்த அலமாரியைப் பார்ப்பவன் நான், எனக்குத் தெரியவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் சாய்ந்திருக்கிறது. கிட்டே போய்த் தரைமட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் வயிற்றைப் பிசைந்தது.

அந்த மாடல் 1:72 அளவில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்காக வந்த ஒரு எஃப்-14ஏ டாம்கேட் போர் விமானம். அமெரிக்கக் கடற்படையின் விஎஃப்-84 ஜாலி ரோஜர்ஸ் அணியின் வண்ணம், கறுப்பு வால், அதில் வெள்ளை மண்டையோடும் எலும்பும். ஜெட் மாடல் சேர்க்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேரிடம் இந்த வால் கட்டாயம் இருக்கும். விஎஃப்-84 அணி 1995-இல் கலைக்கப்பட்டபோது அந்த மண்டையோட்டுச் சின்னம் அழிந்துவிடக் கூடாது என்று விஎஃப்-103 அணி அதை எடுத்துக்கொண்டது, அவ்வளவு பெயர் பெற்ற சின்னம். என்னுடையது மூன்று வருஷமாகச் சக்கரம் இறக்கிய நிலையில், இறக்கைகளைப் பின்னால் மடக்கி வைத்தபடி அலமாரியின் மேல்தட்டில் நின்றுகொண்டிருந்தது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. கடைசி வரை படித்தால், இது ஒரு நிறுவனத்தோடு நிற்கிற விஷயம் இல்லை என்பது புரியும்.

இப்படிச் சாய்ந்த மாடலைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாகக் கிடைக்கும் பதில் இரண்டு: "குவாலிட்டி சரியில்லை", இல்லையென்றால் "ஸ்டாண்டில் மாட்டிவிடு". இரண்டாவது நல்ல யோசனைதான், ஆனால் காரணம் எதையும் சொல்வதில்லை. எனக்குக் காரணம் தெரிய வேண்டியிருந்தது, ஏனென்றால் அதே தட்டில் இன்னும் பதினோரு விமானங்கள் சக்கரத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தன.

திருப்பி அனுப்பி மாற்று கேட்கும் யோசனை முதலிலேயே போய்விட்டது. வாங்கி மூன்று வருஷம். அதைவிட, பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை அரசு 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது, 2023-இல் 70 ஆனது. நாம் சேகரிப்புப் பொருள் என்று சொன்னாலும், சுங்கத்தில் பெரும்பாலும் பொம்மைக் கணக்கில்தான் வைப்பார்கள். இன்னொரு தடவை அந்த வரியைக் கட்ட மனசு வரவில்லை. சரி, இருப்பதைச் சரி செய்வோம் என்று உட்கார்ந்தேன்.

முதல் பயம் ஜிங்க் பெஸ்ட். டைகாஸ்ட், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த மாடல் சேர்க்கிறவர்களின் கெட்ட கனவு இது. மாடலின் உடல் துத்தநாகக் கலவை. அதில் ஈயமோ தகரமோ காட்மியமோ மிகச் சிறிய அளவில் கலந்துவிட்டால்கூடப் போதும், சில வருஷம் கழித்து உலோகத்தின் நுண்படிகங்களுக்கு நடுவே அரிப்பு ஓட ஆரம்பித்து, உடல் வீங்கி, விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் மாதிரி உதிரும். ஈரக் காற்று அதை இன்னும் வேகப்படுத்தும், நான் இருப்பதோ கடற்கரையிலிருந்து மூன்று கிலோமீட்டரில். இந்த நோயின் காரணம் 1920-களிலேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929-இல் ஸமாக் என்ற கலவை வரிசையைக் கொண்டுவந்ததே, மிகத் தூய துத்தநாகத்தை வைத்து இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான். துத்தநாகம், அலுமினியம், மெக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களில் முதல் எழுத்துகளைக் கோர்த்தால் வருவதுதான் ஸமாக். இன்று அதிகம் புழங்கும் ஸமாக்-3 கலவையில் அலுமினியம் சுமார் 4 சதவீதம், ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தொழிற்சாலையில் பழைய உலோகக் கழிவை அள்ளிப்போட்டுக் கலக்கும்போதுதான் இந்த வரம்பு உடைகிறது.

அதனால் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக ஒரு மணி நேரம் உடம்பு முழுக்கத் தேடினேன். பெயின்ட்டில் கொப்புளம் இல்லை. மயிரிழை விரிசல் இல்லை. மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் கோடு எங்கேயும் வாய் பிளக்கவில்லை. வெர்னியர் அளவுகோலால் அங்கங்கே அகலத்தை அளந்து இடது வலது ஒப்பிட்டேன், வித்தியாசம் இல்லை. உலோகம் நன்றாகத்தான் இருந்தது, பெருமூச்சு விட்டேன். டயர் சப்பையாகியிருக்குமோ என்றும் பார்த்தேன், அதுவும் உருண்டையாகவே இருந்தது. ஆக, காலில்தான் ஏதோ.

இறக்கைகளை முழுசாக விரித்து, தட்டையான கண்ணாடிப் பலகை மேல் வைத்து நுனிகளின் உயரத்தை அளந்தேன். இடது நுனி 5 மில்லிமீட்டர் கீழே. இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே 7 செ.மீ., விரித்த இறக்கை நுனியிலிருந்து நுனிவரை 27 செ.மீ. அந்த விகிதத்தில் பார்த்தால் கால் இறங்கியிருப்பது வெறும் ஒன்றேகால் மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன இறக்கம்தான் இறக்கை மடங்கியிருந்தபோதே வாசலில் நின்றவர் கண்ணுக்குத் தெரிந்தது, விரித்த இறக்கை அதை நான்கு மடங்காக்கிக் காட்டுகிறது.

காலைக் கழற்றினேன். சக்கரத்தின் தண்டு மேலே போய், உடலில் உள்ள துளைக்குள் நுழையும் இடத்தில் மெலிந்து ஒரு கழுத்து மாதிரி ஆகிறது. தண்டு இரண்டரை மி.மீ. தடிமன், கழுத்து ஒன்றரைதான். அந்தக் கழுத்தில், வெளிப்பக்கமாக, நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்துப் பார்த்திருந்தால் தெரியும், உடைவதற்கு முன் வளையும் இடத்தில் வெளுக்குமே, அதே வெளுப்பு. தண்டு நேராக இருந்தது, வளைந்தது கழுத்து மட்டும்.

இனி கணக்கு. இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

நிஜ எஃப்-14ஏ வெறும் எடையில் சுமார் 18,200 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றுமே 72-இல் ஒரு பங்கு ஆகும்போது கனஅளவு 72-ஐ மூன்று தடவை பெருக்கிய அளவுக்கு, அதாவது 3,73,248-இல் ஒரு பங்காகக் குறையும். எடையும் அதே விகிதத்தில் குறைந்தால் இந்த மாடல் இருக்க வேண்டியது 49 கிராம். சமையலறைத் தராசில் வைத்தேன்: 640 கிராம். பதின்மூன்று மடங்கு!

ஏன் இவ்வளவு? விமானம் என்பது உள்ளே பெரும்பாலும் காலியிடம், மெல்லிய தகட்டால் மூடியது. மாடலின் உலோகச் சுவர் 2 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை நிஜ அளவுக்குப் பெருக்கினால் 14 செ.மீ. தடிமனுள்ள பலகை. அதுவும் அலுமினியம் இல்லை, துத்தநாகக் கலவை. அலுமினியத்தின் அடர்த்தி 2.7, ஸமாக்கின் அடர்த்தி 6.6. டாங்கிக்குப் போடுகிற கவசத்தை விமானத்துக்குப் போட்ட மாதிரி.

கால் பக்கம் வாருங்கள். தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு 72-இன் இருமடிப்படி, அதாவது 5,184-இல் ஒரு பங்காகத்தான் குறைகிறது, எடை அளவுக்குக் குறைவதில்லை. இது மாடலுக்குச் சாதகம். 49 கிராம் மட்டும் இருந்திருந்தால் காலில் விழும் அழுத்தம் நிஜத்தில் உள்ளதில் 72-இல் ஒரு பங்குதான், ஜாலியாக நிற்கும். பதின்மூன்று மடங்கு எடை ஏறியதால் அது சுமார் ஐந்தரையில் ஒரு பங்கு ஆகிறது. அதுவும் பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் நிஜ விமானத்தின் கால் உயர்வலிமை எஃகு. கப்பல் தளத்தில் டாம்கேட் மெதுவாக ஒட்டி இறங்கியதில்லை, கிட்டத்தட்ட மோதியே இறங்கியது, அதற்கென்றே செய்த கால் அது. மாடலின் கால் ஏபிஎஸ் பிளாஸ்டிக். விறைப்பில் எஃகு பிளாஸ்டிக்கைவிட சுமார் நூறு மடங்கு. ஐந்தரையில் ஒரு பங்கு அழுத்தம், நூறில் ஒரு பங்கு விறைப்பு: அப்படியென்றால் நிஜக் கால் அமுங்குவதைவிட இந்தக் குட்டிக் கால் விகிதத்தில் பதினெட்டு மடங்கு அமுங்குகிறது. இது நேராக நிற்கும் கால் கணக்கு. எஃப்-14 காலில் பக்கவாட்டிலும் முன்னும் தாங்கு தண்டுகள் உண்டு, அவைதான் கால் விரியாமல் பிடித்து நிறுத்தும். மாடலில் அதே தண்டுகள் அழகாக வார்க்கப்பட்டிருக்கின்றன, பெயின்ட்டும் அடித்திருக்கிறது. ஆனால் மேல்முனை எதிலும் கோர்க்கவில்லை, சும்மா தொட்டுக்கொண்டிருக்கிறது. பார்வைக்கு மட்டும். சுமை முழுவதும் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் கழுத்தில்.

இங்கேதான் நேரமும் வெயிலும் வந்து சேர்கின்றன. பிளாஸ்டிக் ஒரு சுமையை ஒரு நாள் தாங்குகிறது என்பதால் ஆயிரம் நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. உடையாமலே, மெதுவாக வழிந்துகொண்டே போகும், பொறியாளர்கள் இதை க்ரீப் என்பார்கள். சூடு ஏற ஏற இது வேகமாகும். ஏபிஎஸ் இளக ஆரம்பிப்பது சுமார் 105 டிகிரி செல்சியஸில்தான், ஆனால் க்ரீப்புக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. என் அலமாரி மேற்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. மூடிய கண்ணாடி. உள்ளே எல்இடி பட்டை, அதன் அடாப்டர் மேல்தட்டின் இடது மூலையில். ஜூன் மாதத்து மாலை நான்கு மணிக்கு ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துப் பார்த்தேன், அறையில் 36, அலமாரிக்குள் 43. மூன்று கோடை இந்தச் சூட்டில் நின்றிருக்கிறது.

ஆனால் ஏன் இடது கால் மட்டும்? இதற்காக ஒவ்வொரு சக்கரத்தின் சுமையையும் தனித்தனியாக எடுத்தேன். ஒரு சக்கரம் தராசின் மேல், மற்ற இரண்டும் அதே உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்கள் மேல். இறக்கை விரித்திருக்கும்போது மூக்குச் சக்கரம் 58 கிராம், இடது 288, வலது 294. மடக்கியபோது மூக்கு 22, இடது 307, வலது 311. இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, இறக்கையும் உலோகம் என்பதால் அதைப் பின்னால் தள்ளியதும் எடை பின்சக்கரங்களுக்கு நகர்கிறது. நிஜ விமானத்தில் இறக்கை 20 டிகிரியிலிருந்து 68 டிகிரிவரை பறக்கும்போதே மடங்கும், கப்பல் தளத்தில் இடத்தை மிச்சப்படுத்த 75 டிகிரிவரை தள்ளி வைத்தார்கள். அந்தத் தோற்றம் பிடித்துப்போய்தான் நான் மூன்று வருஷமும் மடக்கியே வைத்திருந்தேன், அதாவது பின்கால்களுக்கு மிகச் சுமையான நிலையில். இரண்டு, இடதுகாலில் சுமை அதிகம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குறைவு.

ஆகவே இடதுக்கென்று வேறு காரணம் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்ததில் இரண்டு கிடைத்தன. அடாப்டர் இருக்கும் மூலையில்தான் இடது சக்கரம் நின்றது. அப்புறம், போட்டோ எடுப்பதற்காகச் சக்கரத்தைக் கழற்றி, சக்கரக் குழிக்கு மூடி மாட்டி, மறுபடி சக்கரம் மாட்டி என்று இரண்டு மூன்று தடவை செய்திருக்கிறேன். இடது துளை இறுக்கமாக இருந்ததால் ஒவ்வொரு தடவையும் அசைத்து அசைத்து இழுத்தேன். கழுத்தின் அந்த வெள்ளைக் கோடு அப்போதே ஆரம்பித்திருக்கும் என்பது என் முடிவு. வலது கால் துளை லூஸ், சுலபமாக வந்தது, அதனால் கழுத்து பிழைத்தது.

முதல் சிகிச்சை வெந்நீர். காலை மட்டும் தனியாக எடுத்து, 70 டிகிரி அளவிலான தண்ணீரில் ஒரு நிமிஷம் வைத்து, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டேன். அழகாக நேரானது. மாட்டியதும் இறக்கை நுனிகள் சமமாக வந்தன. இது ஜூலை. ஆகஸ்ட் கடைசியில் அளந்தால் இடது நுனி 2 மி.மீ. கீழே. வெந்நீர் வடிவத்தைத் திருப்பித் தந்ததே ஒழிய, வலுவைத் தரவில்லை. இந்த வைத்தியத்தைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள், ஸ்டாண்டில் வைக்கப்போகிற மாடலுக்கு அது போதும், காலில் நிற்கப்போகிற மாடலுக்குப் போதாது.

சூப்பர் குளூவால் துளையில் ஒட்டிவிடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது, வேண்டாம் என்று விட்டேன். அது கெட்டியாகும்போது எழும் ஆவி பக்கத்தில் இருக்கும் கண்ணாடி பாகங்களில் வெள்ளைப் படலமாகப் படியும். காக்பிட் கேனபி ஒருமுறை அப்படி மங்கினால் அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தம்தான். மேலும் அது விறைப்பான ஒட்டு, அதிர்ந்தால் சட்டென்று விட்டுவிடும்.

கழுத்துக்குள் கம்பி போடுவதுதான் வழி. 0.8 மி.மீ. பித்தளைக் கம்பி வாங்கிக்கொண்டு, எங்கள் தெரு முனையில் நகைப்பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணனிடம் போனேன், அந்த அளவுக்கு நேராகத் துளை போட என் கை வராது. காலைக் கையில் வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "பித்தளை வேணாம் தம்பி, வளையும். தையல் ஊசி கொண்டா, அதை வெட்டிப் போடு, இவ்ளோ சின்ன இடத்துல அதான் நிக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் அவர் சொன்னது அப்படியே சரி. எஃகின் விறைப்பு பித்தளையைப் போல இரண்டு மடங்கு. தண்டின் நடுவே கம்பி போட்டால் பெரிய பலன் இல்லை, வளைவு எதிர்ப்பு தடிமனின் நான்காம் அடுக்கில் போவதால் நடுவில் இருக்கும் மெல்லிய கம்பி அதிகம் உதவாது. ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் கழுத்தில் அதே ஊசி, பிளாஸ்டிக் மட்டும் தருவதைப்போல எட்டு மடங்கு விறைப்பைக் கூட்டுகிறது. முக்கியமாக, எஃகு இந்தச் சூட்டில் வழியாது.

கைவிரலால் சுழற்றும் குட்டி ட்ரில்லில் அவர் துளை போட்ட விதத்தைப் பார்க்க வேண்டும். நான்கு சுற்று, பிறகு வெளியே எடுத்துத் தூளை ஊதுவார், மறுபடி நான்கு சுற்று. அவசரப்பட்டால் பிளாஸ்டிக் சூடாகி ட்ரில்லோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். கழுத்து வழியாக இறங்கி தண்டுக்குள் 6 மி.மீ. ஆழம். ஊசியைத் துணியில் சுற்றிக்கொண்டு கொறடாவால் ஒடித்தார். துணி இல்லாமல் ஒடிக்காதீர்கள், துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது, கண் இருக்கிறது. இரண்டு டியூபைக் கலந்து செய்யும் எபாக்சிப் பசையை ஒரு குண்டூசி முனையில் தொட்டு உள்ளே விட்டு ஊசியைச் செருகி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் வைத்தேன். உடல் துளையில் எபாக்சி போடவில்லை, நாளைக்குக் கழற்ற வேண்டி வரலாம். துளை லூஸாக இருந்த வலது பக்கத்துக்கு மட்டும் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று மெல்லிய டெஃப்லான் டேப், அதற்கும் ஊசி. காசு கேட்டால் அண்ணன் வாங்கவில்லை, விமானத்தை ஒருநாள் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். காட்டினேன்.

அத்தோடு விடவில்லை. எடையைக் காலிலிருந்து எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவது நல்லது. எஃப்-14-இன் அடியில் இரண்டு என்ஜின்களுக்கும் நடுவே அகலமான பள்ளம் ஒன்று இருக்கும், ஃபீனிக்ஸ் ஏவுகணைகள் தொங்கும் இடம். அந்தப் பள்ளத்துக்குள் அடங்குகிற மாதிரி தெளிந்த அக்ரிலிக்கில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, மேலே மெல்லிய வெல்வெட் ஒட்டி, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து உயரத்தைச் சரிசெய்தேன். சக்கரத்துக்கு அடியில் ஒரு தாள் துண்டை நுழைத்தால் லேசாக உரசிக்கொண்டு வர வேண்டும், அதுதான் சரியான உயரம். தாள் சிக்கினால் கால் இன்னும் சுமக்கிறது, சும்மா வழுக்கி வந்தால் விமானம் காற்றில் தொங்குவது கண்ணுக்குத் தெரியும். மூன்று மாலை ஆனது. நின்று பார்க்கிற உயரத்திலிருந்து அந்தத் துண்டு தெரிவதில்லை. குனிந்து தேடினால்தான் தெரியும்.

இதில் எனக்குத் திடமாக ஒரு கருத்து உண்டு. புது மாடல் வந்ததும் நாம் எல்லோரும் செய்கிற முதல் காரியம் கையில் எடுத்து எடை பார்ப்பது. "நல்லா கனமா இருக்கு" என்பது பாராட்டு, "பிளாஸ்டிக் ஜாஸ்தி" என்பது குறை. நிறுவனங்களும் உலோகத்தின் அளவைச் சொல்லியே விற்கின்றன. அந்தக் கனம்தான் காலை ஒடிக்கிறது. உலோகக் கால் கொடுத்திருந்தால் கனமான உடல் சரி. பிளாஸ்டிக் கால் கொடுத்தால் உடலிலும் பிளாஸ்டிக் கூடுதலாக இருப்பதே நல்லது, அதைக் குறையாகச் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். இங்கே பலர் ஆசையாகத் தேடும், நம் விமானப்படையின் சுகோய்-30எம்கேஐ போர் விமான மாடலுக்கும் இதே கதைதான். 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் 222-ஆவது அணி அந்த விமானத்தோடு வந்ததிலிருந்து நம் பக்கம் அதற்கு மவுசு அதிகம். நிஜத்தில் 18,400 கிலோ வெறும் எடை, 1:72-இல் 49 கிராம் இருக்க வேண்டியது, நீளமோ 30 செ.மீ. உலோக உடலோடு வாங்குகிறவர்கள் முதல் நாளே ஒரு தராசில் வைத்து எடுத்த எண்ணைப் பெட்டிக்குள் எழுதிப் போட்டுவிடுங்கள், இறக்கை நுனிகளின் உயரத்தையும் சேர்த்து. அப்போதுதான் ஒரு வருஷம் கழித்து எதோடு ஒப்பிடுவது என்று தெரியும். என்னிடம் அந்த முதல் நாள் எண் இல்லாததால்தான் சாய்வு எப்போது ஆரம்பித்தது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மற்ற பதினோரு விமானங்களையும் அளந்தேன். இரண்டில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், ஒன்றில் ஒன்றரை. மூன்றையும் ஸ்டாண்டுக்கு மாற்றிவிட்டேன். அடாப்டரை அலமாரிக்கு வெளியே எடுத்தாயிற்று, பின்பலகையில் நான்கு துளை போட்டதில் மாலைச் சூடு 39-க்கு இறங்கியது. டாம்கேட்டின் இறக்கை இப்போது விரித்தே இருக்கிறது, இடம் அதிகம் பிடிக்கிறது, அதற்காகப் பக்கத்தில் இருந்த ஒரு ஹெலிகாப்டர் கீழ்த்தட்டுக்குப் போனது.

இந்த ஜூன் முதல் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கண்ணாடிப் பலகையை எடுத்து வைத்து, அக்ரிலிக் துண்டு இல்லாமல் அளந்தேன். இடது நுனி அரை மில்லிமீட்டர் கீழே. போன செப்டம்பரில் ஊசி போட்ட அன்று எடுத்த அளவும் அதே அரை மில்லிமீட்டர்தான். அம்மாவைக் கூப்பிட்டு வாசலில் நின்று பார்க்கச் சொன்னேன். "நேராத்தான் இருக்கு" என்றார்.